சரிந்த நிலத்தில் பள்ளிக்கூடம்



கொருக்குப்பேட்டை இரயில் நிலையத்தில் வந்திறங்கும் ஒருவரிடம், "இவ்வூர் மேட்டு நிலமா, பள்ளமா?" என்று கேட்டுப் பாருங்கள். சுற்றுமுற்றும் ஒரு முறை பார்த்துவிட்டு, "சமதரைதானே!" என்று விடை கூறுவார். அவர் மீது குற்றமில்லை. கண்ணுக்கெட்டும் தொலைவு வரையில் தண்டவாளங்களும் சரக்கு வண்டிகளும் கிடங்குகளும் நெருங்கிய வீடுகளுமே தென்படும் அவ்விடத்தில் குன்று என்று சொல்லத்தக்கது ஒன்றேனும் இல்லை. ஆயின், ஐப்பசியில் அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் அதே மனிதரை மீண்டும் அழைத்து வாருங்கள். ஒரு தெருவில் கணுக்கால் அளவு நீர் நிற்கும்; அடுத்த தெருவில் முழங்கால் அளவு நிற்கும்; இரண்டு தெருக்களும் கூடும் மூலையில் அமைந்த பள்ளிக்கூடத்தின் முற்றத்திலோ, குழந்தையின் இடுப்பளவு நிற்கும். நம் கண்ணுக்குப் புலனாகாத சரிவு மழை நீருக்குத் தவறாமல் தெரிந்திருக்கிறது.

பள்ளிக்கூடம் ஒன்றைச் சீர்திருத்துவதும் அதனோடு புதிய அறைகளைச் சேர்ப்பதும் எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். மலைச்சரிவில் உள்ள சிற்றூர்ப் பள்ளிக்கும், கொருக்குப்பேட்டையில் உள்ள பேட்டைப் பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணக்கூடும். இரண்டிற்கும் பகை ஒன்றே, அது நீர். மலையில் அது விரைந்து வருகிறது. இங்கே வந்து தங்கிவிடுகிறது. வேறுபாடு அவ்வளவே.

வட சென்னையின் நிலம் எப்படிப்பட்டது என்பதை முதலில் சிறிது பார்த்துக்கொள்வோம். இப்பகுதியின் குறுக்கே செல்லும் பக்கிங்காம் கால்வாயின் மிகப் பழைய பகுதி, 1806-ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்னும் வணிகர் எண்ணூர் வரையில் படகு செல்வதற்காக வெட்டத் தொடங்கியதாகும். அவர் பெயர் தாங்கிய காக்ரேன் பேசின் சாலை இன்றும் கொருக்குப்பேட்டையில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரையில் நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, பசித்தவர்க்குக் கூலி வேலை அளிக்கும் பொருட்டு நகரத்தினூடே இக்கால்வாய் நீட்டப்பட்டது. அப்பொழுது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரும் அதற்கு அமைந்தது. வியாசர்பாடிப் பக்கமிருந்து வரும் கேப்டன் காட்டன் கால்வாயும் இதிலேயே வந்து சேர்கிறது. ஆகவே, வட சென்னையின் மழை நீரில் பெரும்பங்கு இவ்விரு கால்வாய்களையும் நம்பியே இருக்கிறது. கால்வாய் நிரம்பினால், அல்லது கடலில் ஓதம் உயர்ந்து நின்றால், நீர் வந்த வழியே திரும்பத் தலைப்படும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் இப்பகுதி மக்கள் இதைக் கண்கூடாகக் கண்டனர்.

இயற்கையான இப்பள்ளத்தோடு மனிதர் செய்த பள்ளமும் சேர்ந்துகொண்டது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியைக் கட்டியவர்கள் தெரு மட்டத்துக்கு மேலே இரண்டடி உயர்த்தியே தரை அமைத்தார்கள். பின்னர்ச் சாலை போட வந்தவர்கள் பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டிச் சென்றார்கள். ஒவ்வொரு முறையும் மூன்று விரற்கடை, நான்கு விரற்கடை என்று தெரு உயர்ந்தது. பள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. முன்பு படியேறிச் சென்ற வகுப்புக்கு இப்பொழுது படியிறங்கிச் செல்லவேண்டியிருக்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்பே புதிய சாலை போடவேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் 2021-இல் அறிவுறுத்தினார். நல்ல அறிவுரைதான்; ஆனால் அதற்கு முன்பே பள்ளமாகிப் போன பள்ளிகளுக்கு அது வழி சொல்லவில்லை.

இத்தகைய பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய கட்டடத்தில் ஐந்து அறைகள். பிள்ளைகளோ ஏழு அறைக்கு உரியவர்கள். கூரை ஒழுகுகிறது. கழிப்பறை போதாது. தலைமையாசிரியர் இரண்டு அறைகள் வேண்டுமென்று கேட்கிறார். பணமும் கிடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் என்ன செய்யவேண்டும்?

பெரும்பாலோர் உடனே கொத்தனாரை அழைத்து வந்து, முற்றத்தில் வெற்றிடம் இருக்கும் மூலையில் கயிறு கட்டச் சொல்வர். இதுதான் முதற் பிழை. அந்த மூலை ஏன் இத்தனை காலமும் வெற்றிடமாக இருந்தது என்று எவரும் கேட்பதில்லை. முற்றத்து நீர் வடிந்து செல்லும் வழி அதுவாகவே இருக்கக்கூடும். அங்கே அறையைக் கட்டிவிட்டால் புதிய அறைக்கு நிழலும் காற்றும் கிடைக்கும். பழைய ஐந்து அறைகளுக்கும் வெள்ளம் கிடைக்கும்.

எனவே, கட்டுவதற்கு முன் அளக்கவேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கொத்தனார் கையில் இருக்கும் டியூப் மட்டமே போதும். ஒளி ஊடுருவும் நீண்ட ரப்பர்க் குழாய் ஒன்றில் காற்றுக் குமிழி இல்லாதபடி நீரை நிரப்பி, இரண்டு முனைகளையும் இரண்டு கோல்களில் நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதை நீங்கள் இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். தெருவின் நடுவில் ஊன்றிய கோலில், தரையிலிருந்து நீர் நிற்கும் உயரம் 60 செ.மீ.; முற்றத்தில் ஊன்றிய கோலில் 105 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் முற்றம் தெருவைக் காட்டிலும் 45 செ.மீ. தாழ்ந்து கிடக்கிறது. இவ்வாறே முற்றத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து ஒவ்வொரு மூலையிலும் அளந்து தாளில் குறித்து, ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் அதுவே சம உயரக் கோட்டுப் படம். எட்டாம் வகுப்பு மாணவர் பத்துப்பேர் ஒரு சனிக்கிழமைக்குள் இதைச் செய்துவிடலாம். நிலநூல் பாடத்தில் மலைகளுக்கு வரையும் அதே கோடுகளைத் தங்கள் முற்றத்துக்கு வரைந்து பார்ப்பதில் அவர்களுக்கு ஓர் இன்பமும் உண்டு.

அளக்கும்போது மறவாமல் அளக்கவேண்டிய இடம் இன்னொன்று உண்டு. தெருவிலுள்ள மழைநீர் வடிகாலின் அடித்தளம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதே அது. பள்ளி முற்றத்தைவிட அது தாழ்ந்திருந்தால்தான் நீர் தானாக வெளியேறும். உயர்ந்திருந்தால், எவ்வளவு அழகாகக் கால் வெட்டினாலும் நீர் உள்ளே வருமேயன்றி வெளியே போகாது. பிறகு இறைக்கும் இயந்திரத்தைத்தான் நம்பவேண்டும். அடைமழைக் காலத்தில் மின்சாரம் இருக்குமா என்பது வேறு கேள்வி.

நீரின் அளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். பள்ளியின் கூரையும் முற்றமும் சேர்ந்து 1,200 சதுர மீட்டர் என்போம். ஒரு நாளில் 20 செ.மீ. மழை பெய்தால் அப்பரப்பின் மேல் விழும் நீர் 2,40,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் இருபது வந்து ஒரே நாளில் முற்றத்தில் கொட்டிச் செல்வதற்கு இது சமம். தெருவிலிருந்து வந்து சேரும் நீர் இக்கணக்கில் சேரவில்லை.

இனி மலைப்பக்கம் செல்வோம். நீலகிரியிலோ, சேர்வராயன் மலையிலோ, கொல்லி மலையிலோ உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். நிலம் ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் இறங்குகிறது. 30 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கட்டடம் வேண்டும். அதனைச் சரிவின் போக்கிலேயே, மேலிருந்து கீழாக நீட்டி வைத்தால், ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 6 மீட்டர் ஏற்றத்தாழ்வு வந்துவிடும். அது இரண்டு மாடி உயரம். அதே கட்டடத்தைச் சரிவுக்குக் குறுக்காக, சம உயரக் கோட்டை ஒட்டி வைத்தால், 8 மீட்டர் அகலத்தில் ஏற்றத்தாழ்வு 1.6 மீட்டரே. கட்டடம் ஒன்று, நிலமும் ஒன்று. திசையை மாற்றியதனால் மண்வேலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. மலை நாட்டில் வயல்களைப் படிப்படியாக அமைத்த உழவர்கள் இதனைக் கணக்குப் போடாமலே அறிந்திருந்தார்கள்.

இக்கருத்தைக் கல்விக்கூடம் ஒன்றில் சிறப்பாகச் செய்து காட்டியவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, இமயமலை அடுக்கிலுள்ள பித்தோராகட் பகுதியில் ஆண்டுகள் பல வாழ்ந்து, பின்னர்க் கேரளத்தையே தம் நாடாக்கிக்கொண்டு 2007-இல் மறைந்தவர் அவர். மலைவாழ் மக்கள் கையருகில் கிடைக்கும் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு சரிவிலே வீடு கட்டும் திறத்தைக் கண்டு, தாம் கல்லூரியில் கற்றதைவிட அங்கே கற்றது மிகுதி என்று கருதியவர். பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் திருவனந்தபுரத்து உள்ளூர் என்னுமிடத்தில் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்கள், 1970-களில் பேக்கர் அமைத்தவை. இடமோ மேடும் சரிவுமானது. அவர் அதனைச் சமன்படுத்தவில்லை. உச்சியில் நூலகத்தை நிறுத்தி, வகுப்பறைகளையும் விடுதிகளையும் சரிவின் வளைவுக்கு ஏற்பப் படியிறக்கி, நின்ற மரங்களை விலக்கிச் சுவர்களை வளைத்துக் கட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் கட்டு முறையினால் செங்கல் செலவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாயிற்று. வெயிலின் கொடுமையும் உள்ளே குறைந்தது. இன்று பலரும் நிலத்தைக் கண்டவுடன் மண்வாரி இயந்திரத்தை வரவழைக்கிறார்கள். பேக்கர் நிலத்தைக் கண்டவுடன் அதில் நடந்து பார்த்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

எனினும் சரிவில் கட்டுவதற்கு முன், அச்சரிவு நிலைத்து நிற்கக்கூடியதா என்ற கேள்வி இருக்கிறது. 2024 ஜூலை 30-ஆம் நாள் விடியுமுன் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிகழ்ந்த நிலச்சரிவில், ஆற்றங்கரையில் இருந்த வெள்ளார்மலைப் பள்ளியின் மீது பாறையும் மரமும் சேறுமாக வெள்ளம் மோதியது. இரவு நேரமாதலால் வகுப்புகள் காலியாக இருந்தன. ஆனால் அப்பள்ளியின் பிள்ளைகள் பலர் தம் வீடுகளிலேயே மாண்டனர். ஓடையின் பழைய வழியிலும், மேலே வெட்டிய மண் கரைகளின் அடியிலும், ஊற்றுக் கசியும் இடத்திலும் பள்ளி கட்டலாகாது. அங்கே எத்தனை வலிய சுவர் எழுப்பினாலும் பயனில்லை. வேறிடம் தேடுவதே வழி.

நல்ல சரிவுதான் என்று தெரிந்த பின்னும் ஓர் இடர் இருக்கிறது. 8 மீட்டர் அகலத்தில் 1.6 மீட்டர் இறக்கம் என்றோம். வழக்கமாக என்ன செய்வார்கள்? மேற்பாதியை 80 செ.மீ. வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பாதியில் கொட்டி மட்டமாக்குவார்கள். பார்வைக்குச் சமதரை. ஆனால் அறையின் ஒரு பாதி, ஆயிரமாண்டுகளாக இறுகிக் கிடந்த நிலத்தின் மேலும், மறுபாதி நேற்றுக் கொட்டிய மண்ணின் மேலும் நிற்கிறது. கொட்டிய மண் மழையில் அமுங்கும். இறுகிய மண் அமுங்காது. இரண்டுக்கும் நடுவே சுவர் விரியும். இதற்குப் பரிகாரம் எளிது: கீழ்ப்பக்கத்துக் கடைக்கால், கொட்டிய மண்ணை முழுவதும் ஊடுருவிப் பழைய நிலத்தைத் தொட்டு, அதனுள்ளும் இறங்கவேண்டும், நடுவிலுள்ள கடைக்கால்கள் சரிவைப் பின்பற்றிப் படிப்படியாக இறங்கவேண்டும். படியின் ஒவ்வொரு தளமும் மட்டமாக இருக்கவேண்டும். சாய்வாக இருந்தால் கட்டடம் வழுக்க இடமாகும்.

வெட்டிய மேற்கரையைத் தாங்குவதற்குத் தாங்குசுவர் வேண்டும். இதைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பள்ளிகளில் இடிந்து விழுபவற்றுள் இத்தகைய சுவர்கள் மிகுதி. தாங்குசுவரின் பின்னால் இருக்கும் உலர்ந்த மண், சுவரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒரு மீட்டர் உயரச் சுவரில், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அத்தள்ளுவிசை ஏறத்தாழ 300 கிலோ. இரண்டு மீட்டர் உயரச் சுவரில் அது 600 கிலோ அன்று, 1,200 கிலோ! உயரம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. இது உலர்ந்த மண்ணின் கணக்கு. மழை பெய்து மண்ணில் நீர் தங்கிவிட்டால், நீரே தனியாக 2,000 கிலோ விசையோடு தள்ளுகிறது. நனைந்த மண்ணின் பங்கையும் சேர்த்தால் மொத்தம் 2,600 கிலோவுக்கும் மேல். கோடையில் அசையாமல் நின்ற சுவர் கார்த்திகையில் சாய்வதன் காரணம் இப்பொழுது விளங்குகிறதல்லவா?

இதற்கு மருந்து சுவரைத் தடிப்பாக்குவது மட்டுமன்று. நீரைத் தங்கவிடாமல் செய்வதே முதல் மருந்து. சுவரின் பின்னால் உடைகல்லை அடுக்கி, சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வடிதுளைக் குழாய்களைப் பதித்து, அவை சற்றே முன்புறம் சாய்ந்திருக்கும்படி செய்தால் நீர் வடிந்துவிடும். மேற்கரையின் தலையில் ஒரு வாய்க்கால் வெட்டி, மலையிலிருந்து வரும் நீரைக் கட்டடத்தை அணுகுமுன்பே பக்கமாகத் திருப்பிவிடவேண்டும். இத்தனையும் செய்த பிறகு ஒரு வேடிக்கை நடப்பதுண்டு. வெள்ளையடிக்க வருபவர், சுவரில் துளைகள் அவலட்சணமாக இருக்கின்றன என்று சிமெண்ட் கலவையால் அடைத்துவிட்டுப் போவார்! நான் பார்த்த ஒரு பள்ளியில் அடைபட்ட துளைகளின் மேல் அழகிய எழுத்தில் ஓர் அறவுரையும் எழுதியிருந்தார்கள். அடுத்த மழையில் சுவரும் அறவுரையும் ஒருங்கே சாய்ந்தன; நல்லவேளையாக அன்று ஞாயிற்றுக்கிழமை.

அடுத்து, பழைய கட்டடத்தோடு புதியதை இணைக்கும் முறை. பழைய கட்டடம் ஐம்பது ஆண்டுகளாகத் தான் அமுங்கவேண்டிய அளவு அமுங்கி ஓய்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமுங்கப்போகிறது. இரண்டின் சுவர்களையும் பல்லுக்குப் பல் கோத்துக் கட்டினால், புதியது இறங்கும்போது பழையதையும் இழுக்கும். கோத்த இடத்தில் மேலிருந்து கீழாக வெடிப்புக் காணும். ஆகவே, இரண்டுக்கும் இடையே ஓர் அங்குல அளவு இடைவெளி விட்டு, மேலே மழை புகாதபடி தகட்டால் மூடிவிடுவது முறை. புதிய கடைக்காலைத் தோண்டும்போது பழைய கடைக்காலுக்கும் கீழே ஒரேயடியாகத் தோண்டிவிடக்கூடாது. பழைய சுவரின் காலடி மண் சரிந்துவிடும். அவசியமானால் சிறு சிறு துண்டாகத் தோண்டிக் கட்டி, அது இறுகிய பின் அடுத்த துண்டைத் தொடவேண்டும்.

"இடமில்லையே, மேலே ஒரு மாடி எழுப்பிவிட்டால் என்ன?" என்று நகரத்துப் பள்ளிகளில் கேட்பதுண்டு. 6 மீட்டர் அகலமும் 8 மீட்டர் நீளமும் உள்ள ஒரே ஓர் அறையை மேலே கட்டுவதாகக் கொள்வோம். அதன் கான்கிரீட் தளம் ஏறத்தாழ 14 டன். பிள்ளைகளும் பலகைகளும் நிறைந்த வகுப்புக்கென்று பொறியாளர் கணக்கில் கொள்ளும் சுமை, சதுர மீட்டருக்கு 300 கிலோ வீதம், மேலும் 14 டன். சுற்றுச்சுவர்கள் ஜன்னல் கதவு நீங்கலாக 25 டன்னுக்குக் குறையா. ஆக, ஓர் அறைக்கு 50 டன்னுக்கு மேல். ஓடு வேய்ந்த கூரையைத் தாங்குவதற்கென்று கட்டிய பழைய சுவரும் கடைக்காலும் இதைத் தாங்குமா என்பதைக் கடைக்காலைத் தோண்டிப் பார்த்து, மண்ணைச் சோதித்து, பொறியாளர் ஒருவர் எழுதித் தரவேண்டும். மேஸ்திரியின் அனுபவம் பெரிதுதான். எனினும் இதில் மட்டும் அவர் சொல் போதாது.

கட்டடத்தைப் பெருக்குவதில் உள்ள எல்லாவற்றினும் கொடிய பிழையை நம் நாடு 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் கண்டது. அன்று காலை, ஒரே கட்டடத்தில் இயங்கிய பள்ளிகளின் சமையற்கூடத்தில் பற்றிய நெருப்பு, மாடியில் வேய்ந்திருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. சிறு குழந்தைகள் 94 பேர் மாண்டனர். கற்சுவரும் தளமும் உள்ள கட்டடத்தின் மேல், இடம் போதவில்லை என்று கூட்டிச் சேர்த்த கீற்றுக் கொட்டகை. இறங்குவதற்கு ஒடுங்கிய படிக்கட்டு. இவ்விரண்டும் சேர்ந்தே அக்குழந்தைகளின் உயிரைக் குடித்தன. அதன் பின்னரே பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2009-இல் உச்ச நீதிமன்றமும், தீத் தடுப்பு விதிகளைப் பின்பற்றாத பள்ளிகளுக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. இந்நாளில் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, 45 பேருக்கு மேற்பட்டோர் அமரும் அறைக்கு இரண்டு வாயில்கள் வேண்டுமென்றும், பள்ளி மாடிப்படி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் குறையலாகாது என்றும் கூறுகிறது. ஒன்றரை மீட்டர் என்பதைப் பணச் செலவாகக் காண்பவர் உண்டு. முப்பது குழந்தைகள் ஒரே சமயத்தில் அஞ்சி ஓடி வருவதை மனக்கண்ணில் ஒருமுறை காண்பார்களாயின் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

இனிப் பழுது பார்ப்பதைக் கவனிப்போம். சென்னையில் பழைய பள்ளிகள் பல, மெட்ராஸ் டெரஸ் என்று உலகமே அறிந்த கூரை உடையவை. தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாகக் கோணலாய் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்கி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, மேலே தட்டோடு பதிப்பது அம்முறை. இக்கூரை ஒழுகும்போது பலர் அதன்மேல் சிமெண்டைக் கனமாகப் பூசிவிடுகிறார்கள். சுண்ணாம்பு மூச்சு விடும் பொருள். உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேற்றிவிடும். சிமெண்ட் அவ்வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் கீழ்நோக்கி இறங்கி உத்தரத்தின் முனையை, அதாவது சுவருக்குள் புதைந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பகுதியை, உளுக்கச் செய்கிறது. கூரை மேலே புதிதாகப் பளபளக்க, உள்ளே மரம் தூளாகிக்கொண்டிருக்கும். ஆதலால், பழைய ஓட்டைப் பெயர்த்து, சுண்ணாம்பு கொண்டே சீர்செய்து, ஒவ்வோர் உத்தரத்தின் முனையையும் உளியால் குத்திப் பார்ப்பது நலம். 1856-இல் திறந்த இராயபுரம் இரயில் நிலையம் இன்றும் நிற்கிறது. பழைய கட்டுவேலை, காலத்தில் பேணினால், எத்தனை தலைமுறை நிற்கும் என்பதற்கு அக்கட்டடம் சான்று.

கான்கிரீட் கட்டடங்களுக்குக் கடற்கரையில் ஆயுள் குறைவு. இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையே வீசும் உப்புக் காற்று, கான்கிரீட்டின் நுண்துளை வழியே உள்ளிருக்கும் கம்பியை அடைகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தன்னை உண்டாக்கிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலே மூடியுள்ள கான்கிரீட்டை வெடித்துத் தள்ளுகிறது. வகுப்பறைக் கூரையிலிருந்து பாளம் பாளமாகக் காரை உதிர்வதை நீங்கள் பார்த்திருந்தால், அதன் காரணம் இதுவே. வெறும் பூச்சு இதற்கு மருந்தாகாது. உதிரும் பகுதியைத் தட்டி நீக்கி, கம்பியின் துருவை முழுதும் தேய்த்தெடுத்து, இளைத்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, பின்னரே மூடவேண்டும். தளத்தில் பெரும்பகுதி அப்படியானால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே சிக்கனம்.

பெரிய கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கழிப்பறையையும் சுற்றுச்சுவரையும் மறந்துவிடுவார்கள். 2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் இடிந்து விழுந்து மூன்று மாணவரின் உயிரைக் கவர்ந்தது கழிப்பறைச் சுவரே. பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் வேலையைத் தமிழகமெங்கும் அரசு முடுக்கிவிட்டது அதற்குப் பின்னர்த்தான்.

மீண்டும் நம் கொருக்குப்பேட்டைப் பள்ளிக்கு வருவோம். தெருவைவிட 45 செ.மீ. தாழ்ந்த முற்றம், ஐந்து பழைய அறைகள். சிலர், அறைகளின் உள்ளே மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்திவிடலாம் என்பர். மூன்றடி உயர்த்தினால் கூரை தலையை நெருங்கும், ஜன்னல் முழங்காலுக்கு வந்துவிடும், காற்று நின்றுபோகும், சில ஆண்டுகளில் தெரு மீண்டும் உயர்ந்தால் மீண்டும் மண் கொட்டவேண்டும். ஜாக்கிகளை வைத்துக் கட்டடத்தையே தூக்கி உயர்த்துவதும் இப்பொழுது சென்னையில் வீடுகளுக்குச் செய்யப்படுகிறது. சுவர் வலுவாக உள்ள சிறு வீட்டுக்கு அது பொருந்தலாம். நீண்ட பழைய சுண்ணாம்புக் கட்டடத்துக்கு அதை நான் பரிந்துரைக்கத் துணியேன்.

என் கருத்து இது. புதிய இரண்டு அறைகளையும், எதிர்காலத்தில் மேலே இரண்டு அறைகளைத் தாங்கக்கூடிய கடைக்காலோடு, முற்றத்தின் மேட்டுப் பக்கத்தில், தெருவைவிட ஒரு மீட்டர் உயர்ந்த தரையோடு கட்டவேண்டும். சமையற்கூடமும் பதிவேடுகளும் மின்பலகையும் அவ்வுயரத்துக்கே செல்லவேண்டும். பழைய அறைகளில் வலுவுள்ளவற்றைச் சீர்செய்து, வெள்ளம் வந்தாலும் பெருஞ்சேதம் விளையாத பயனுக்கு, உண்ணும் கூடமாகவும் விளையாட்டுக் கூடமாகவும், வைத்துக்கொள்ளலாம். முற்றம் நூற்றுக்கு ஒன்று வீதம் சரிந்து, இருபது மீட்டரில் இருபது செ.மீ. இறங்கி, ஒரே கிணற்றில் சென்று சேரவேண்டும். அங்கிருந்து வடிகாலுக்கு வழியிருந்தால் வழி, இல்லையேல் இயந்திரம். தெருவிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் 45 செ.மீ. இறக்கத்துக்குப் படியோடு சாய்தளமும் வேண்டும். பன்னிரண்டுக்கு ஒன்று என்பது விதியாகையால், 5.4 மீட்டர் நீளம் அதற்கு ஒதுக்கவேண்டும். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பிள்ளைக்காக அவ்விடத்தை விடுவதற்கு மனமில்லாதவர்கள் மிதிவண்டி நிறுத்துமிடத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளட்டும்.

இவற்றுக்குப் பணம் எங்கிருந்து வரும்? 1958-இல் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்ற ஒன்று நடந்தது. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறையின் தலைவராகவும் இருந்த காலம் அது. தத்தம் ஊர்ப் பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியலிட்டு, ஊராரே பொருளாகவும் பணமாகவும் உழைப்பாகவும் கொணர்ந்து கொடுத்தனர். கரும்பலகை முதல் கட்டடம் வரையில் வந்து குவிந்தன. மாநாடுகள் மாவட்டந்தோறும் பரவின. 2022-இல் அரசு அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வகுப்பறைகளுக்கு அரசுப் பணத்தை ஒதுக்கியது. கொடையாளர்களிடம் ஒரு சிறு குறை உண்டு: அறை கட்டித் தர முன்வருவோர் பலர், வடிகால் கட்டித் தர முன்வருவோர் அரியர். வடிகாலில் பெயர்க் கல்வெட்டுப் பதிக்க இடமில்லை என்பதனாலோ என்னவோ!

காலத்தையும் கருதவேண்டும். வட சென்னையில் கடைக்கால் வேலை மாசிக்கும் ஆனிக்கும் இடையே முடியவேண்டும். ஐப்பசியில் குழி தோண்டினால் ஊற்று நீரை இறைப்பதிலேயே பணம் கரைந்துவிடும். கூரை வேலை கோடை விடுமுறைக்கு உரியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பெற்றோர்கள் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. என்ன கட்டவேண்டும் என்று அக்குழு கூடிப் பேசும்போது, எந்த மழையில் எந்த அறையில் எவ்வளவு நீர் நின்றது என்பது எவர்க்கும் நினைவிருப்பதில்லை. அடுத்த மழை பெய்த மறுநாள், உங்கள் பள்ளிச் சுவரில் நீர் நின்ற மட்டத்தைக் கரித்துண்டால் ஒரு கோடாக இழுத்து, அருகே நாளையும் எழுதி வையுங்கள்.